தவணை கட்டுகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா?

வாசகர் கேள்வி (சுருக்கம்): எனக்கு வயது 26. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ஒன்பது மா நிலம் (ஏறத்தாழ மூன்று ஏக்கர்). கர்நாடகத்தில் எம்.எஸ்ஸி. மரபணு ஆலோசனை படித்தேன். கல்விக் கடன் 6,50,000 ரூபாய். வட்டி சேர்ந்து தவணை தொடங்கியபோது 8,00,000 ஆகிவிட்டது. 10.5 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை, மாதம் 10,800 ரூபாய். கூடவே அம்மாவின் நகைகள் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கின்றன. சென்னையில் ஒரு மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 38,000, அதில் 7,000 மாத இலக்கை எட்டினால்தான் வரும். தஞ்சாவூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனை 24,000 தருவதாக அழைக்கிறது. போக ஆசை; தவணையை நினைத்தால் பயம். உடன் படித்த தோழி, நிலத்தை வைத்து இன்னொரு கடன் வாங்கி அமெரிக்கா வரச் சொல்கிறாள். அத்தை வீட்டிலோ, அத்தை மகனைக் கட்டிக்கொண்டால் கடனை முழுதாக அடைத்துவிடுகிறோம் என்கிறார்கள். இந்தப் படிப்பை எடுத்ததே தவறோ என்று தோன்றுகிறது.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் கணக்குகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கணக்கு அல்ல, ‘இலக்கை எட்டினால்தான்’ என்று நீங்கள் எழுதிய இரண்டே சொற்கள். கல்விக் கடனால் திருமணம் தள்ளிப்போகிறது, வீடு கட்டுவது தள்ளிப்போகிறது, சொந்த ஊருக்குத் திரும்புவது தள்ளிப்போகிறது என்பதெல்லாம் எந்தத் துறையில் இருப்பவருக்கும் பொது. மரபணு ஆலோசகருக்கு மட்டும் அதற்கு மேல் ஓர் ஆபத்து உண்டு. நானும் அதே தொழில் செய்பவள்தான். நம் வேலையே, எதிரில் இருப்பவருக்கு எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று எந்தப் பக்கமும் சாயாமல் சொல்வது. மாதக் கடைசியில் தவணைக்கு 7,000 ரூபாய் குறைகிறது என்ற நினைப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரால் அதைச் சொல்ல முடியுமா என்பதுதான் உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன். ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாமே, எந்த வேலையில் இருந்தாலும் ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை நீங்கள் கையில் வைத்துக்கொள்வதற்கான வழிகள்.

அந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். மனைவி, கணவருக்கு அக்கா மகள். முதல் குழந்தை எட்டு மாதத்தில் இறந்துவிட்டது. தலை நிற்கவில்லை, கால்களில் அசைவு குறைந்துகொண்டே வந்தது, மூச்சுத் திணறலில் முடிந்தது. மனைவி மீண்டும் ஒன்பது வாரக் கர்ப்பம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று நான் வம்சாவளி வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, கூட வந்த பாட்டி, “எந்தப் பக்கத்துக் குறைம்மா இது?” என்று கேட்டார். அவர்கள் கையில், ஏதோ ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி எழுதிக் கொடுத்திருந்த, புரதங்களுக்கான குறிப்புள்ள மரபணுப் பகுதிகளை எல்லாம் ஒரே நேரத்தில் படிக்கும் முழு எக்ஸோம் பரிசோதனைக்கான சீட்டு இருந்தது. அதற்காக வளையலை வைத்துப் பணமும் கொண்டுவந்திருந்தார்கள்.

குழந்தையின் அறிகுறிகள் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயை, அதாவது எஸ்.எம்.ஏ.வைச் சுட்டின. அந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஏழாவது எக்ஸான் என்னும் பகுதி இரண்டு பிரதிகளிலும் இருப்பதில்லை. அதன் அருகிலேயே எஸ்.எம்.என்.2 என்று கிட்டத்தட்ட அச்சாக அதே போன்ற இன்னொரு மரபணு இருப்பதால், வழக்கமான எக்ஸோம் பரிசோதனை இந்த இழப்பைத் தவறவிடக்கூடும். இதற்கென உள்ளது, ஒரு மரபணுப் பகுதி எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் எம்.எல்.பி.ஏ. என்னும் பரிசோதனை, செலவோ பல மடங்கு குறைவு. பெற்றோர் இருவருக்கும் அதைச் செய்து, இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று விளக்கி, பதினொன்றாம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் வழியையும் சொல்லலாம். பாட்டிக்கும் பதில் அதிலேயே இருக்கிறது: இரண்டு பக்கமும் சமமாகச் சுமந்தால்தான் இது வரும், ஒரு பக்கத்துக் குறை அல்ல. அந்தச் சீட்டை எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் ஒரு தவணை இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டின்படி நடந்திருந்தால் பணம் போயிருக்கும், ‘எதுவும் இல்லை’ என்ற பொய்யான நிம்மதியும் கிடைத்திருக்கும்.

பரிசோதனை நிறுவனத்தில் வேலை பார்ப்பது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகமோ என்ற உறுத்தல் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. அது துரோகம் இல்லை. அறிக்கையில் உள்ள ஒரு மரபணு மாற்றம் நோயை உண்டாக்குமா, இன்னும் பொருள் தெளிவாகாத ஒன்றா என்று பிரித்துச் சொல்லும் ஆள் நிறுவனத்துக்குள் இருந்தாக வேண்டும். உங்கள் கவனம் இருக்க வேண்டியது அந்த 7,000 ரூபாயில்தான். அது வராவிட்டாலும் உங்கள் மாதம் ஓட வேண்டும். அப்படிக் கணக்கைக் கட்டிவிட்டால் இலக்கு உங்களை அசைக்காது.

ஆகவே உங்கள் சம்பளம் 31,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதி, சாப்பாடு, போக்குவரத்துக்கு 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை 10,800. வீட்டுக்கு 5,000 அனுப்புகிறீர்கள். அது நகைக் கடன் வட்டிக்கு என்று போய் வீட்டுச் செலவில் கரைந்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இங்கேதான் ஒரு மாற்றம் தேவை. நம் பக்கத்து வீடுகளில் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுத்து நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் ஐப்பசிவாக்கில் ஒரு தொகை, சம்பா அறுத்தால் தை, மாசியில் ஒரு தொகை, அவ்வளவுதான். வங்கியோ ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கேட்கிறது. விளைச்சல் பணத்தைக் கொண்டு தவணை கட்ட முயலும் குடும்பங்கள் நடு மாதங்களில் கைமாற்று வாங்கி, அதற்குத் தனி வட்டி கொடுத்துக் களைத்துப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நகைக் கடன் அப்படியல்ல; ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்கலாம், அல்லது அசலில் ஒரு பகுதியைக் கட்டலாம். அது அறுவடைக் கணக்கோடு பொருந்துகிறது. எனவே நகைக் கடனை அப்பாவின் சம்பாப் பணத்துக்கு விட்டுவிடுங்கள். மாதச் சம்பளம் வாங்கும் நீங்கள் மாதத் தவணையைப் பாருங்கள். விவசாய நகைக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் கல்விக் கடனைவிடக் குறைவு என்பதால், எதை முதலில் அடைப்பது என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

வீட்டுக்கு அனுப்பும் அந்த 5,000-ஐத் தவணையோடு சேர்த்து 15,800-ஆகக் கட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்தாண்டுக் கடன் ஐந்து ஆண்டு ஏழெட்டு மாதங்களில் முடிந்துவிடுகிறது. வட்டியில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் மிச்சம். மாறாக, வங்கியில் சிலர் சொல்வதுபோலத் தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை 8,850-க்குக் குறையும், ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ மூன்று லட்சம் கூடும். மாதம் இரண்டாயிரம் ரூபாய் மூச்சு விடுவதற்காக அவ்வளவு கொடுப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் சரி. 31,000-இல் 15,800 தவணையும் 12,000 செலவும் போக மீதம் 3,200 நிற்கிறது. இறுக்கம்தான், மறுக்கவில்லை. ஊக்கத்தொகை வரும் மாதங்களில் அதைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதத் தவணைக்கு ஈடாக அது சேரும்வரை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தவணை தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடும். உங்கள் அப்பா இணைக் கடனாளி என்பதால் அது அவருடைய சிபில் பதிவிலும் ஏறும். அடுத்த பருவத்துக்குப் பயிர்க் கடன் கேட்டு அவர் போய் நிற்கும்போது இடிக்கும். கட்ட முடியாத மாதம் ஒன்று வரும் என்று தெரிந்தால், தவறிய பிறகு அல்ல, முன்பே கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பலர் கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகையைப் பெரிதாகச் சொல்வார்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது என்பதால் அதை எண்ணி எதையும் திட்டமிட வேண்டாம்.

இனி தஞ்சாவூர். போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் இப்போது அல்ல, இரண்டு ஆண்டு கழித்து. 15,800 வீதம் இருபத்துநான்கு மாதம் கட்டினால் நிலுவை ஏறத்தாழ 5,66,000-க்கு இறங்கியிருக்கும். அப்போது வங்கியிடம், மீதமுள்ள எட்டு ஆண்டுக்குத் தவணையைத் திருத்தி அமைக்கச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்கள் வழக்கமாகக் காலத்தை மட்டும் குறைத்துவிட்டுத் தவணையை அப்படியே வைத்துவிடுவார்கள். திருத்தினால் மாதம் ஏறத்தாழ 8,740 ரூபாய் வரும். மன்னார்குடியிலிருந்து பேருந்தில் போய்வந்து, வீட்டுச் சாப்பாட்டோடு 24,000 சம்பளத்தில் அதைச் சமாளிக்க முடியும். இன்றைய நிலையில், 10,800 தவணையோடு அதே 24,000-க்குப் போனால், ஒரு மாதம் உடம்புக்கு முடியாமல் போனாலும் அடி விழும். அந்தப் பயத்தில் நீங்கள் அங்கேயும் மருத்துவமனை நிர்வாகம் சொல்லும் பரிசோதனைகளுக்கெல்லாம் தலையாட்ட வேண்டி வரும். சிறிய ஊர், சிறிய மருத்துவமனை என்பதால் இலக்கு இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். ஆய்வகங்களுடன் பங்குத் தொகை ஏற்பாடு இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், உங்கள் சம்பளம் அதோடு தொடர்பில்லாதது என்பதை எழுதி வாங்குங்கள்.

அந்த இரண்டு ஆண்டும் நோயாளிகளை நேரில் பார்க்காமல் இருக்கவும் கூடாது. தொலைபேசியில் அறிக்கை விளக்கிக்கொண்டே இருந்தால், எதிரில் ஒருவர் அழும்போது எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது மறந்துபோகும். உங்கள் நிறுவனத்தின் பணி ஒப்பந்தம் அனுமதித்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தஞ்சாவூர் மருத்துவமனையில் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குத் தனியறை எடுத்து ஆலோசனை நடத்துவது என்றால், கருவின் பாலினத் தேர்வைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரபணு ஆலோசனை மையமாகப் பதிவு வேண்டும், தகுதி விதிகளும் உண்டு. எனவே ஏற்கெனவே பதிவு பெற்ற இடத்தோடு சேர்ந்திருப்பதுதான் தொடக்கத்தில் பாதுகாப்பு.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்துச் சாரா லாரன்ஸ் கல்லூரியில் முதுகலைப் படிப்பாகத் தொடங்கியது. அங்கே இன்று மரபணு ஆலோசகரின் ஆண்டுச் சம்பளம் சராசரியாக 90,000 டாலருக்கு மேல். இருந்தும் அங்குள்ளவர்களே கடன் சுமையால் எந்த ஊரில் வேலை, மருத்துவமனையா ஆய்வகமா, குழந்தை எப்போது என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மரபணு ஆலோசகருக்கு நேரடியாகக் கட்டணம் தராததால் மருத்துவமனைகளின் வருமானத்தில் அவர்களுக்கான இடம் குறுகியே இருக்கிறது. அங்கத்திய கூட்டரசுக் கல்விக் கடன், மாணவர் விசாவில் போகும் உங்களுக்குக் கிடைக்காது. உள்நாட்டினருக்கே 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு முதுகலைப் பட்டமும் கடனும் உள்ள நீங்கள் அதே படிப்பை இரண்டாவது கடனில், ஒன்பது மாவையும் பணயம் வைத்துப் படிக்க வேண்டாம். வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் நடவடிக்கை வேளாண் நிலத்தின் மீது செல்லாது என்பதால் பல வங்கிகள் நஞ்சையைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்கத் தயங்கும். அப்போது தனியார் நிதி நிறுவனமோ ஊர்ப் பணக்காரரின் கிரயப் பத்திரமோதான் வழி என்று யாராவது வருவார்கள். அப்படிக் கிரயம் எழுதிக்கொடுத்து மீளாத நிலங்கள் நம் ஊர்களில் எத்தனை என்று உங்கள் அப்பாவுக்கே தெரியும்.

ஆனால் வெளிநாடுகளிலிருந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு, அதை உங்களைவிட நம் துறையின் மூத்தவர்களுக்கும் அரசுக்கும்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2007-இல் வந்த திட்டப்படி, அரசு அல்லது லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டியவருக்கு மீதிக் கூட்டரசுக் கடன் தள்ளுபடியாகிறது. ஆகவே அங்கே கடன் ஒருவரைப் பொது மருத்துவமனையின் பக்கம் இழுக்கவும் செய்கிறது. பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை, பயிற்சியில் இருக்கும் மரபணு ஆலோசகரை ஊழியராகவே எடுத்துச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. இங்கே கடன் ஒரே திசையில், ஊரை விட்டு வெளியேதான் தள்ளுகிறது. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இவ்வளவு பரவலாக உள்ள டெல்டாவில், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மரபணு ஆலோசகருக்கென ஒரு பணியிடம் இருப்பதை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒரு பணியிடமும் ஐந்தாண்டுப் பணிக்கு ஈடான கடன் தள்ளுபடியும் இருந்தால் உங்களைப் போன்றவர்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது. படித்தது தவறு என்று நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

கடைசியாக, அத்தை வீட்டுப் பேச்சு. இதை உங்கள் அக்காவாகவும், இதே தொழில் செய்பவளாகவும் சொல்கிறேன். கடன் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அத்தை மகனைக் கட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். சம்மதம் என்றால் அது நல்ல செய்தி. கடனைத் தனியாக, அவர்கள் பணம் இல்லாமலேயே நீங்கள் அடைக்கலாம். சம்மதம் இல்லை என்றால் எட்டு லட்சம் அதைச் சம்மதமாக மாற்றாது. எந்தப் பக்கத்து மாப்பிள்ளை வந்தாலும் கடனை மறைக்காதீர்கள். நிலுவை எவ்வளவு, தவணை எவ்வளவு, எந்த ஆண்டு முடிகிறது, திருமணத்துக்குப் பிறகும் என் சம்பளத்திலிருந்து நானே கட்டுவேன் என்ற நான்கையும் நிச்சயத்துக்கு முன்பே பெரியவர்கள் முன்னிலையில் அப்பா சொல்லிவிடட்டும். பவுன் கணக்குப் பேசும் இடத்தில் இதையும் பேசுவதில் எந்தக் குறைவும் இல்லை.

மற்றபடி, அத்தை மகன் என்பதால் மட்டுமே அச்சப்பட வேண்டியதில்லை. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர இரண்டு மூன்று சதவீத வாய்ப்பு உண்டு. முறை உறவில் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று சதவீதம் கூடும் என்பதை நீங்களே பலருக்குச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அத்தையின் மூத்த மகள் பையனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால் இந்தப் பொதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. சம்மதம் என்று நீங்கள் முடிவு செய்தால், உங்கள் இருவருக்கும் ஏதோ ஒரு பெரிய தொகுப்புப் பரிசோதனை செய்து திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். முதலில் ரத்தம் எடுக்க வேண்டியது அந்தப் பையனுக்கு, பிறவிக் காது கேளாமைக்கு அடிக்கடி காரணமாகும் ஜி.ஜே.பி.2 மரபணுவிலிருந்து தொடங்கி. அவனிடம் காரணம் கிடைத்தால், அந்த ஒரு மரபணுவை மட்டும் உங்கள் இருவரிடமும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, விடையும் தெளிவு. சொந்த அத்தையிடம் நீங்களே இதைச் சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு விருப்பமானால் அவர்களையும் அந்தப் பையனையும் தஞ்சாவூருக்கு அழைத்து வாருங்கள், வரைபடத்தை நான் போடுகிறேன்.